கூப்பிடாமல் வந்தவர்

பூண்டிக்காரர்களுக்கு அவர் கென்னடி. ரஷ்யாவில் வைத்த பெயர் கென்னாடி. சர்க்கஸ் கோமாளியாகவும் மிருகங்களைப் பழக்குபவராகவும் முப்பது வயதில் இந்தியா வந்தவர், அதே கூடாரத்தில் ஊஞ்சல் தாவிய ராஜகுமாரியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். சர்க்கஸில் யானை கூடாது என்று உத்தரவு வந்ததும், அவர் குட்டியிலிருந்து வளர்த்த நாஸ்தியாவை லாரியில் ஏற்றி யானைகள் முகாமுக்குக் கொண்டு போனார்கள். அதற்குமேல் அவரால் அந்தக் கூடாரத்தில் இருக்க முடியவில்லை. ராஜகுமாரி மலைமேல் இருந்த தன் ஊரான பூண்டிக்கு அழைத்து வந்தாள். பூண்டு போட்டுப் பிழைத்தார்கள்.

நாஸ்தியாவை ஒரு தடவை பார்க்க அனுமதி கேட்டுப் பன்னிரண்டு வருஷம் மனு மேல் மனு எழுதினார். தபால்காரர் வரும் நேரத்துக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ரோட்டு வளைவில் போய் நின்றுகொள்வார். கடைசியில் பதில் வந்தது. முகாமுக்கு வந்து வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

ஒட்டன்சத்திரம் போகும் கேரட் லாரியில் இருவரும் வெள்ளனே மலையிறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்தார்கள். வழியெல்லாம் அவர் வாய் ஓயவில்லை. கோமாளித் தொப்பியை நாஸ்தியா பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொள்வதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

முகாமில் பாகன் சோலைமலை வேலிவரை கூட்டிப் போனார். "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கய்யா. வருதான்னு பாப்போம்."

நாஸ்தியா தூரத்தில் மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தது. பின்னங்கால் ஒன்றைச் சரியாக ஊன்றவில்லை. கென்னடி வாயைத் திறந்தார். அந்தக் காலையே பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். ராஜகுமாரி முழங்கையால் இடித்தும் பேசவில்லை. யானை ஒரு தடவை தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்தது. அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். பிறகு அது நொண்டியபடி மரநிழலுக்குப் போய்விட்டது.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்குப் பொறுக்கவில்லை. "இதுக்காங்க இத்தன வருஷம் ஏங்குனீங்க? ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்திருக்கும்ல?"

"வரும். வந்து ரெண்டு கால்ல எந்திரிச்சு நிக்கும். நான் கூப்பிட்டா அப்படித்தான் செய்யணும்னு பழக்கி வச்சிருக்கேன். அந்தக் கால் கெட்டதே அதுலதான், ராஜி. இனி தாங்காது."

அவள் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெருமாள்மலை தாண்டிக் குளிர் ஏறியபோது, அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ரஷ்ய மொழியில் ஏதோ முணுமுணுத்தார். யானையை அழைக்கும் சொல் அது. அவளுக்குத் தெரியும். திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு வந்தார், பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில்.