ஹார்ன் அடித்தால் கூப்பிட்டதாகுமா

“ஹார்ன் அடிச்சேன்! ரெண்டு தடவை அடிச்சேன்! உங்க வீட்டுல எல்லாரும் செவிடா?”

“யாருக்கு அடிச்ச? ஆட்டுக்கா, மலைக்கா? வாயைத் திறந்து ‘நாயைப் பிடிங்க’ன்னு சொன்னா பல்லு கொட்டிடுமா?”

நான் போய்ச் சேர்ந்தபோது பெண் கேட்க வந்தவனுக்கும் பெண்ணுக்கும் சண்டை இந்த இடத்தில் இருந்தது. பக்கத்துக் கூடார லுவ்சான் வீட்டுப் பால்வாளி ஒன்று என்னிடம் இருந்தது; அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். காலி வாளியைக் கொடுக்கக் கூடாதென்று நாலு காய்ந்த தயிர்க்கட்டியும் போட்டிருந்தேன். பைனாகுலரில் பார்த்துவிட்டு ஓடிவந்தேன் என்று லுவ்சானின் பெண்டாட்டி டுல்மா இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறாள். பார்த்தேன்தான். ஓநாய் வருகிறதா என்று பார்க்கிற கண்ணாடியில் மாப்பிள்ளை தெரிந்தால் நானா பொறுப்பு?

மாப்பிள்ளை என்றால் கன்சோரிக். ஊருக்குள் கடை வைத்திருப்பவன், சொந்த ஜீப், வெள்ளைக் கால்சட்டை. லுவ்சானின் மகள் ஹோங்கோரைப் பெண் கேட்க வந்தவன், அவர்கள் கூடாரத்துக்குப் பின்னால், குட்டி ஆடுகளின் பட்டிப் பக்கமாக ஜீப்பை நிறுத்தி இறங்கியிருக்கிறான். அங்கே படுத்திருந்தது அஸார். கன்றுக்குட்டி உயரம், கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே பழுப்புப் பொட்டு இரண்டு. எங்கள் பக்கத்து மந்தைக்காவல் பங்கார் நாய்க்கு நாலு கண் என்பார்கள். தூங்கும்போதும் மேல் கண்கள் விழித்திருக்குமாம். அன்றைக்கு நாலும் விழித்திருந்தன. வெள்ளைக் கால்சட்டையின் பின்பக்கம் அஸார் வாயில் போய்விட்டது, அதற்குள்ளிருந்த சதையும் கொஞ்சம்.

அதனால் கன்சோரிக் நின்றுகொண்டே உப்புத் தேநீர் குடித்தான். நின்றுகொண்டே கத்தினான்.

“அந்த நாயைச் சுட்டாத்தான் இந்தக் கல்யாணப் பேச்சு. நாளைக்கு எங்க அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். அவங்க கண்ணுல அது உயிரோட படக் கூடாது.”

ஹோங்கோர் வாசலுக்கு வெளியே அஸாரின் முதுகில் ஏறி உட்கார்ந்து, அதன் கழுத்து மயிரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அங்கிருந்தே கத்தினாள்.

“போன குளிர்காலத்துல நம்ம பள்ளத்தாக்குல ஆடு திருடுனவனும் ஜீப்புலதான் வந்தான். அவனும் ஹார்ன் அடிச்சிருப்பான். நாய் அவனுக்கும் தேநீர் ஊத்தணுமா?”

“பாத்தீங்களா மாமா, என்னைத் திருடங்கிறா!”

“திருடன் பரவாயில்ல. திருடனுக்குக் கூப்பிடக் கூடாதுன்னாவது தெரியும்.”

லுவ்சான் என்ன சொன்னான் என்கிறீர்கள்? பெட்டிக்குப் பின்னாலிருந்த துப்பாக்கியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் தயிர்க்கட்டிகளைத் திரும்ப எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எங்கள் பக்கம், நாயே இல்லாத வீட்டு முன்னாலும் ‘நாயைப் பிடிங்க’ என்றுதான் கூப்பிடுவோம். வணக்கம் சொல்வதே அதுதான். தவழ்கிற பிள்ளைக்கு ‘அம்மா’வுக்கு அடுத்து வருகிற பேச்சே அது. நாலு எழுத்துப் படித்து ஜீப் வாங்கியவனுக்கு மட்டும் அது மறந்துபோகும், பழி நாய்க்கு. அந்த நாயை வளர்த்தது யார்? ஹோங்கோர். கண் திறந்து கொஞ்ச நாளில் கொண்டுவந்து, காதில் பெயரை மூன்று முறை ஓதி, மறுநாளே குட்டி ஆடுகளோடு பட்டியில் விட்டாள். கொஞ்சி மடியில் வைத்தால் அது ஆட்டை விட்டுவிட்டு அடுப்பைக் காவல் காக்கும் என்று, அழுதுகொண்டே வெளியே படுக்கவைத்த பெண் அவள். ஆட்டு நுரையீரல் வேகவைத்த கஞ்சி அவள் கையால்தான். வசந்தத்தில் உதிர்கிற கம்பளிமயிரைச் சிக்கெடுப்பதும் அவள்தான். அஸார் வந்தபின் அந்தப் பட்டியிலிருந்து ஓநாய் ஒரு வால்கூடத் தூக்கவில்லை. அந்த ஆடுகளைத் தின்றுதானே லுவ்சானின் வயிறு அங்கிக்குள் அடங்காமல் நிற்கிறது?

“லுவ்சான், சுடப் போறியா நிஜமாவே?” என்றேன்.

“உன் வீட்டுல பொண்ணு இல்லக்கா. உனக்குத் தெரியாது.”

“பொண்ணு இல்ல. மூளை இருக்கு.”

டுல்மா எனக்கு இன்னொரு கிண்ணம் ஊற்றவில்லை. கிளம்பிவிட்டேன்.

மறுநாள் எந்த வாளியும் இல்லாமலேயே போனேன். வெட்கம் பார்க்கிற நாளா அது? ஹோங்கோர் நேற்று உட்கார்ந்த இடத்திலேயே, நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கி வாசல் கதவில் சாய்ந்திருந்தது.

“என்னைத் தாண்டித்தான் சுடணும், அப்பா.”

“எந்திரிடி. அந்த அம்மா வர்ற நேரம்.”

ஜீப் வந்தது. தூரத்திலிருந்தே ஹார்ன், விடாமல். இந்த முறை முன்பக்கமாகத்தான் நிறுத்தினான். புத்தி பின்பக்கம் வழியாக ஏறியிருந்தது. தலையணை மேல் ஒருக்களித்து உட்கார்ந்து ஓட்டி வந்திருக்கிறான்.

அவன் அம்மா செர்மா இறங்கினாள். குள்ளம், தடி, கோபத்தில் கன்னம் இரண்டும் செக்கச்செவேல். அங்கியின் மார்புக்குள்ளிருந்து, சம்பந்தம் பேசக் கொடுக்கிற நீலப் பட்டுத்துணியின் நுனி எட்டிப்பார்த்தது. கதவை அறைந்து சாத்தினாள். விறுவிறுவென்று நடந்தாள். பிறகு சட்டென்று நின்றாள். இரண்டு கையையும் வாயருகே குவித்து, பள்ளத்தாக்கே எதிரொலிக்கக் கூவினாள்:

“நாயைப் பிடிங்க!”

நாயின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருப்பது அவள் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. ஆனாலும் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டு, பதில் வரும்வரை அப்படியே நின்றாள்.

“பிடிச்சிருக்கேம்மா, வாங்க!” என்றாள் ஹோங்கோர்.

ஜீப்புக்குள்ளிருந்து மகன், “நான்தான் அத்தனை ஹார்ன் அடிச்சேனே! நீ வேற எதுக்கும்மா கத்துற?” என்றான்.

“ஹார்ன் அடிச்சா ஆயிடுச்சா? வந்தது மனுஷன்னு வீட்டுல இருக்கிறவங்களுக்கு எப்படிடா தெரி—”

அங்கேயே நிறுத்திக்கொண்டாள். மெதுவாகத் திரும்பினாள்.

“நேத்து நீ கூப்பிட்டியா, இல்லையா?”

“ஹார்ன்...”

“வாயால கூப்பிட்டியாடா?”

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். எனக்கு உள்ளே எழுந்த சிரிப்பை இருமலாக மாற்ற மிகவும் பாடுபட்டேன். டுல்மா முறைத்தாள்.

மன்னிப்பு கேட்கிற ஜாதி இல்லை செர்மா. நேரே போய் அஸாரின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தாள். அது உறுமாமல் பார்த்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டுவிட்டு வந்தவள் அல்லவா? “என்ன போடுற இதுக்கு?” என்று மட்டும் கேட்டாள். ஹோங்கோர் சொன்னாள். “எலும்பும் போடு,” என்றாள். உள்ளே வந்து தேநீர் குடித்தாள். பட்டுத்துணியின் நுனியை விரலால் உள்ளே தள்ளிவிட்டாள். கல்யாணப் பேச்சை எடுக்கவே இல்லை. போகும்போது லுவ்சானிடம், “துப்பாக்கியை ஓநாய்க்கு வெச்சுக்க,” என்றாள்.

லுவ்சான் இப்போது, “நான் சுடறதா இருந்தேனா? சும்மா துடைச்சேன்” என்கிறான். சும்மா துடைத்தானாம்! அந்தத் துப்பாக்கியை அவன் அதற்கு முன் துடைத்து யாராவது பார்த்திருக்கிறார்களா? நான் பார்த்ததில்லை, நான் பார்க்காமல் அங்கே எதுவும் நடப்பதுமில்லை.

கன்சோரிக் தலைநகரத்துக்குப் போய்விட்டான். அங்கே ஒரு பல் டாக்டரம்மாவைக் கட்டிக்கொண்டான். பூனை அளவில் ஒரு நாய் வளர்க்கிறார்களாம், கட்டிலிலேயே படுக்குமாம். அவனுக்கு அது போதும். ஹோங்கோர் இரண்டு வருஷம் கழித்துக் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஆட்டுக்காரன் ஒருவனைக் கட்டினாள். அவன் முதன்முதலாகப் பெண் பார்க்க வந்த அன்று, காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. பதில் வராமல் ஓரடிகூட எடுத்து வைக்காமல், அரை மத்தியானம் குதிரை மேலேயே உட்கார்ந்திருந்தான். பைனாகுலரில் பார்த்துவிட்டு நான்தான் போய்ச் சொன்னேன். கல்யாணத்தில் டுல்மா என்னைக் கதவோரம், கடைசி மரியாதைக்காரர்களின் இடத்தில் உட்காரவைத்தாள்.

அஸார் ஹோங்கோரோடு போகவில்லை. ஆடுகள் இங்கேதானே இருக்கின்றன. அது பெற்ற குட்டி ஒன்றுதான் போனது.