இதை இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா?

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் மூளையில் உதித்ததில்லை. என் லேப்டாப்பின் கீல் உடைந்துபோய், முத்தியால்பேட்டையில் ஒரு மாடியறையில் ரிப்பேர் பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் மேசையில் இருந்த கணினியில் கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்று செருகியிருந்தது. அதன் வழியாக உள்ளூர் வானொலி மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. என்னங்க இது என்றேன்.

"ரேடியோ புடிக்கிறதுங்க. இதோட டிரைவர நான்தான் பாத்துக்கிறேன், பதினோரு வருஷமா" என்றார். பிறகு திருப்புளியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இத யூஸ் பண்றவங்க ஒலகத்துல ஒருத்தராவது இருக்காங்களான்னுதான் தெரியலிங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைத் திருடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மீதியெல்லாம் நான் சேர்த்தது. அவர் பெயர்கூட மிக்கேல் இல்லை.

(நான் மூன்று புத்தகம் போட்டவன். கடைசி ஏழு வருடத்தில் வாசகர் கடிதம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட வந்ததில்லை. அவர் சொன்னது எனக்கு ஏன் சுருக்கென்று தைத்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.)

2

எப்படி ஆரம்பிப்பது என்று நான்கு நாள் தடுமாறினேன்.

'கடற்கரைச் சாலையில் அலைகள்—' [வேண்டாம். புதுச்சேரி என்றதும் எழுதுகிறவனுக்குக் கடல் வந்துவிடுகிறது. மிக்கேல் கடற்கரைப் பக்கம் போய் இரண்டு வருடமாகிறது.]

'கர்னல் என்பது இயங்குதளத்தின் அடித்தளமாக விளங்கும்—' [பள்ளிக்கூடப் பாடம். ஆனால் இதைச் சொல்லாமலும் தீராது. ஆகவே சுருக்கமாக: கணினியின் ஆணிவேரான நிரலுக்குக் கர்னல் என்று பெயர். கணினியில் எந்தக் கருவியைச் செருகினாலும், அது பேசுவதைக் கணினிக்குப் புரியவைக்க ஒரு சின்ன நிரல் வேண்டும். அதுதான் டிரைவர். இந்தக் கர்னலை உலகம் முழுவதும் முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் மின்மடலில் பேசிப்பேசியே எழுதுகிறார்கள். பலருக்குச் சம்பளம் கிடையாது. மிக்கேலுக்கும் கிடையாது.]

மூன்றாவதாக ஒன்று அமைந்தது.

3

ஒரு திங்கட்கிழமை காலை, ஐம்பது வயதான மிக்கேல் டீயை ஆற்றிக்கொண்டே மடல்களைப் பார்த்தபோது, ஒரு தலைப்பில் கண் நின்றது. வானொலிக் கருவிகள் பகுதி முழுவதையும் மேற்பார்வை பார்க்கும் ஒரு தூரதேசத்துக்காரர் எழுதியிருந்தார். மரியாதையான மனிதர். மிக்கேல் பார்த்துக்கொள்ளும் அந்தக் கட்டைவிரல் ரேடியோவைப் பற்றித்தான் எழுதியிருந்தார்: இந்தக் கருவியைச் செய்த கம்பெனியே மூடிவிட்டது. மூன்று வருடமாகப் பயன்படுத்துவோரிடமிருந்து ஒரு கேள்வியும் இல்லை, புகாரும் இல்லை. ஆகையால் இந்த டிரைவரைக் கர்னலிலிருந்து நீக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். இதை இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா? இரண்டு வாரம் காத்திருப்பேன்.

அவர்கள் வழக்கம் அது. நீக்குமுன் கேட்பார்கள். யாராவது ஒரே ஒருவர் 'நான் இருக்கிறேன்' என்றால் போதும், விட்டுவிடுவார்கள். யாரும் பேசாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மிக்கேல் டீயைக் கீழே வைத்தார். பதினோரு வருடத்தில் அந்த நிரலை அவர் வரிவரியாகத் துடைத்து வைத்திருந்தார். செத்த வரிகளை எடுத்தார், வீணாகக் காத்திருக்கும் இடங்களைக் குறைத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கருவியைச் செருகி, பாட்டு கேட்கிறதா என்று பார்த்த பிறகே திருத்தத்தை அனுப்புவார். அப்படி வைத்திருந்த வீட்டில் யாருமே குடியில்லை என்று இப்போது ஒருவர் பணிவாகச் சொல்கிறார்.

'நான் பயன்படுத்துகிறேன்' என்று அவரே எழுதலாம். கூடாது என்று விதியில்லை. எழுதக் கூசியது.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் நாள், மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து சாப்பிட்டு உட்கார்ந்தபோது வழக்கம்போல அக்கா ஃபாத்திமா பிரான்சிலிருந்து கூப்பிட்டாள். கல்யாணம் கட்டிப் போய் முப்பது வருடமானாலும் பேச்சில் புதுச்சேரி குறையவில்லை.

"சாப்டியாடா?"

"ஆச்சிக்கா."

"ஆபீசு எப்டிப் போவுது?"

"போவுதுக்கா."

"ஆகஸ்ட்டுல வக்கான்ஸு லீவுக்கு வர்றோம். நீயும் இப்பவே லீவு எழுதிக் குடுத்துடு. போன தபா மாதிரி ஆபீசு ஆபீசுன்னு நிக்காத."

"சரிக்கா."

ஆபீஸ் இல்லை. தொழிற்பேட்டையிலிருந்த அந்தக் கம்பெனி மூன்று வருடம் முன்பு அவரையும் இன்னும் நாற்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மறுவாரம் சொல்லலாம் என்று முதல் ஞாயிறு நினைத்தார். அப்படியே நூற்றைம்பது ஞாயிறுகள் போய்விட்டன.

5

இந்த இடத்தில் மிக்கேல்மீது எனக்கே சந்தேகம் வந்தது. இப்படியும் ஒருவர் இருப்பாரா? மனைவி உண்டா, பிள்ளை உண்டா? ஒரு வரைவில் அவருக்கு மெரின் என்று மனைவி வைத்தேன். அவள் சமையலறையிலிருந்து 'அந்த டப்பாவ மூடிட்டு வாங்க' என்று கூப்பிட்டதும் கதை அங்கேயே முடிந்துவிட்டது. கூப்பிட ஆள் இருக்கிறவருக்கு இந்தக் கதை எதற்கு? மெரினை எடுத்துவிட்டேன். எடுக்குமுன் யாரையும் கேட்கவில்லை. கர்னல்காரர்கள் என்னைவிட நாகரிகமானவர்கள்.

தனியாக இருப்பது மிக்கேலுக்குப் பழகிவிட்டது என்று எழுதப் பார்த்தேன். பொய். பழகவில்லை. காலையில் எழுந்ததும் மடல்பெட்டியைத் திறக்கிற கையில் தினமும் ஓர் ஆசை இருந்தது. தெரியாத ஊரிலிருந்து தெரியாத ஒருவர், 'ஐயா, உங்கள் டிரைவரில் சத்தம் இரைகிறதே' என்று திட்டியாவது எழுத மாட்டாரா என்ற ஆசை. அவ்வளவுதான் அவர் கேட்டது.

6

பதினோராம் நாள், வியாழக்கிழமை, மிக்கேல் ஒரு காரியம் செய்தார். நானும் கூடச் சேர்ந்துதான்.

ஓர் ஆளை உருவாக்கினோம்.

பெயர் கோவிந்தசாமி. ஊர் காலாப்பட்டு. முதலில் மீனவர் என்று வைத்தார் மிக்கேல். கடலுக்குப் போகிறவர் கர்னல்காரர்களுக்கு எதற்கையா மடல் போடுகிறார் என்று நான் தலையிட்டேன். ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதுபவர் என்று மாற்றினோம். கம்பெனியில் ஒரு பழைய கணினி, அதில் இந்தக் கருவி, அதில் காலையும் மாலையும் வானிலைச் செய்தி. 'நீக்காதீர்கள்' என்று நேரடியாக எழுதினால் சந்தேகம் வரும். அதனால் கோவிந்தசாமி அப்பாவியாக ஒரு கேள்வி கேட்டார்: 'சத்தம் கொஞ்சம் கம்மியாக வருகிறது, என்ன செய்யலாம்?' அதைக் காட்டி, 'பாருங்கள், ஆள் இருக்கிறார்' என்று மிக்கேல் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

நன்றாகத்தான் வந்தார் கோவிந்தசாமி. அவருக்கு மூட்டுவலிகூட வைத்தேன், மடலில் அதற்கு இடமில்லை என்றாலும். மிக்கேல் அவர் எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டுச் சிரித்தார். யாரோ நிஜமாகவே கேட்டதுபோல, மனசுக்குள் பதிலைக்கூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

[இந்த இடத்தில் ஒரு பத்தி இருந்தது. கதாபாத்திரத்தை உருவாக்குவதும் பொய் சொல்வதும் ஒன்றா என்று. எடுத்துவிட்டேன். ஒன்றுதான்.]

தன் கணினியிலிருந்து போட்டால் அடையாளம் தெரிந்துவிடும் என்று, கைபேசியில் புதுக் கணக்கு தொடங்கினார். யாருக்கு அனுப்புவது? கர்னலோடு ஒரு கோப்பு உண்டு. எந்த டிரைவருக்கு யார் பொறுப்பு, எந்த முகவரிக்கு எழுதவேண்டும் என்று அதில் இருக்கும். பயன்படுத்துகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். கோவிந்தசாமியும் அப்படியே செய்யட்டும் என்று, அந்தக் கோப்பில் தன் பெயருக்கு எதிரே இருந்த முகவரியையும், எல்லாருக்கும் பொதுவான மடற்குழுவின் முகவரியையும் பார்க்காமலே நகலெடுத்து ஒட்டினார். அனுப்பினார்.

7

ஒரு நிமிடத்துக்குள் இரண்டு மடல்கள் திரும்பி வந்தன.

ஒன்று மடற்குழுவிலிருந்து. வெறும் எழுத்தாக இருக்கும் மடல்களை மட்டுமே அங்கே ஏற்பார்கள். கைபேசி தன்பாட்டுக்கு எழுத்துருவும் அலங்காரமும் சேர்த்து அனுப்பும். அதை இயந்திரமே மறுத்துவிடும். இது மிக்கேலுக்குத் தெரிந்ததுதான், அவசரத்தில் மறந்துபோனார்.

இரண்டாவது மடல் சொன்னது: இப்படி ஒரு முகவரியே இல்லை.

மிக்கேல் அந்த முகவரியைப் பார்த்தார். பழைய கம்பெனியின் முகவரி. மூன்று வருடம் முன்பு வேலை போனபோது, கோப்பில் அதை மாற்றியிருக்க வேண்டும். மாற்றினால் எல்லாரும் பார்ப்பார்களே என்று தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டதையே பிறகு மறந்தார். குழுவின் மடல்கள் சொந்த முகவரிக்கு வந்துகொண்டிருந்ததால் குறையும் தெரியவில்லை. நிரலில் அடுத்தவர் விட்டுப்போன தூசியையெல்லாம் துடைத்தவர், தன் பெயர் இருந்த அந்த ஒற்றை வரியைத் தொடவே இல்லை.

மூன்று வருடம். கைபேசியில் எழுதியவர்களைக் குழு திருப்பி அனுப்பியிருக்கும். அவருக்கு நேராக எழுதியவர்களுக்கு, அப்படி ஒருவரே இல்லை என்று பதில் போயிருக்கும்.

கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். கீழே தெருவில் கேஸ் வண்டிக்காரன் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு போனான்.

8

சிலர் இங்கே என்னிடம் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும்.

முடிவு அ: காலாப்பட்டில் நிஜமாகவே ஒரு கார்குழலி இருக்கிறாள். அந்தக் கருவியால்தான் படிக்கிறாள். படியேறி வந்து— [சினிமா.]

முடிவு ஆ: டிரைவரை நீக்குகிறார்கள். மிக்கேல் கருவியைக் கடலில்— [மறுபடியும் கடல்.]

தொலைந்த மடல்களில் ஒன்றையாவது எழுதிக் காட்டலாம் என்றும் பார்த்தேன். 'அன்புள்ள மிக்கேல் அவர்களுக்கு—' என்பதற்கு மேல் போகவில்லை. அப்படி நூறு மடல்கள் வந்திருக்கலாம். ஒன்றுகூட வராமலும் இருந்திருக்கலாம். அது மிக்கேலுக்கு இனி எந்நாளும் தெரியப்போவதில்லை. அவருக்குத் தெரியாததை நான் தெரிந்துவைத்திருப்பது நியாயமாகப் படவில்லை.

9

பன்னிரண்டாம் நாள் காலை, மிக்கேல் கணினியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். ஒரு வரியை மாற்றினார். பழைய முகவரி போய்ப் புதியது வந்தது.

ஆனால் அவர்கள் வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. எவ்வளவு சின்ன மாற்றமானாலும், ஏன் என்று எழுதவேண்டும். கீழே சொந்தப் பெயரைப் போடவேண்டும். கோவிந்தசாமி அதற்கு உதவமாட்டார்.

மாற்றம் பத்து வினாடி. காரணம் எழுத இரண்டு மணி நேரம்.

'முகவரி புதுப்பிப்பு' என்று எழுதி அழித்தார். 'நிர்வாகக் காரணங்களால்' என்று எழுதி அழித்தார். கடைசியில் எழுதியது இது: 'மூன்று வருடம் முன்பு எனக்கு வேலை போய்விட்டது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு இந்த வரியை மாற்றாமல் விட்டேன். இந்த மூன்று வருடத்தில் யாராவது எனக்கு எழுதியிருந்தால் அது என்னை வந்து சேரவில்லை. மன்னியுங்கள். மறுபடி எழுதுங்கள்.'

கைபேசியில் எழுதினால் குழு ஏற்காது, எனக்கு நேராகவே எழுதலாம் என்று இன்னொரு வரி சேர்த்தார். அனுப்பிவிட்டுக் கணினியை அணைத்தார்.

10

பதினான்காம் நாள், ஞாயிறு. அக்கா கூப்பிட்டாள்.

"சாப்டியாடா? ஆபீசு எப்டிப் போவுது?"

"ஆபீசு இல்லக்கா."

"ஞாயித்துக்கெழம யாருடா ஆபீசு வப்பா? நான் பொதுவா கேக்குறேன்."

"பொதுவாவே இல்லக்கா. நின்னுபோயி மூணு வருஷமாவுது."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அப்ப சோத்துக்கு என்னடா பண்ற?"

"லாப்டாப் ரிப்பேர் பாக்குறேன். ஓடுது."

"அந்த ரேடியோ வேலன்னு சொல்லுவியே?"

"அதுக்கு சம்பளம் கெடையாதுக்கா. சும்மா பாக்குறது."

"சம்பளமில்லாத வேலைய ஒழுங்கா பாத்திருக்க. எங்கிட்ட மட்டும் மூணு வருஷமா பொய்யி. ஏன்டா சொல்லல?"

"என்னை யாரு கேக்குறான்னு இருந்துட்டேன்."

"நான் கேட்டுக்கிட்டுதானடா இருந்தேன்!" என்றாள் ஃபாத்திமா. "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமயும்!"

மிக்கேல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவளும் போனை வைக்கவில்லை.

11

நாளை திங்கட்கிழமை. நீக்கப்போகிறார்களா இல்லையா என்பது நாளைக்குத் தெரியும். ஒரு பதில் மடலை மிக்கேலின் பெட்டியில் நானே போட்டுவைக்கலாம், ஒரு வரி வேலை. போடமாட்டேன். கோவிந்தசாமியோடு பட்டது போதும். அந்தக் கருவி உங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கிறதோ என்னவோ. அவருடைய திங்கட்கிழமையை உங்களிடம் விடுகிறேன். முகவரி இப்போது சரியாகத்தான் இருக்கிறது.

எனக்கு வேறு வேலை வந்துவிட்டது. மேலே உள்ள வரிகளை எழுதிய பிறகு, எழுந்துபோய் என் கடைசிப் புத்தகத்தை எடுத்தேன். எடுத்தது எதற்கென்று உங்களுக்கே தெரியும். 'வாசகர்கள் எழுதவேண்டிய முகவரி' என்று கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த வீட்டைக் காலி செய்து ஏழு வருடமாகிறது. இப்போது அங்கே வீடே இல்லை, ஒரு ஓட்டல் இருக்கிறது.

பதிப்பாளருக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். மாற்றம் ஒரே வரிதான். ஏன் என்று எழுதுவதுதான் வரமாட்டேன் என்கிறது.

'வீடு மாறியதை நான் யாருக்கும் தெரிவிக்கவில்லை, ஏனென்றால்—