தீட்டில்லாத சாவு

இறந்துபோன அத்தா கரீமைக் குளிப்பாட்டும் கடைசித் தண்ணீரில் கலப்பதற்காக, ரிஃபத் கற்பூரத்தைத் தட்டில் போட்டு டம்ளர் அடியால் நுணுக்கிக்கொண்டிருந்தாள். மாரியம்மன் கோயில் தப்பட்டைச் சத்தத்தில் தட்டு தானாகவே அதிர்ந்தது.

"இன்னும் நிறுத்தலையா?" என்றாள் அம்மா சித்திகா. விடிந்ததிலிருந்து அவள் கேட்டது இது ஒன்றைத்தான்.

கோயிலில் நோம்பித் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாகிவிட்டது. நட்ட பிறகு ஊரில் யார் செத்தாலும், பிணம் ஊர் எல்லை தாண்டும்வரை தப்பட்டை அடங்க வேண்டும், நடை சாத்த வேண்டும். அதுதான் கட்டு. பெரியத்தா மவுத்தானபோது, பொங்கல் வைத்த பெண்கள் பாதி வெந்த அரிசியோடு அடுப்பை அணைத்துவிட்டு, "மனுசன் நேரம் பாத்துப் போனாரு பாரு" என்று திட்டிக்கொண்டே துக்கம் கேட்க வந்தார்கள்.

இந்தத் தடவை விழாக் குழுத் தலைவர் அருள்குமாரே நேரில் வந்தார். நிலத்தைச் சைட் போட்டு விற்பவர். தலைவரானதிலிருந்து கழுத்து மாலைக்கென்றே நீண்டிருந்தது.

"நீங்க அவசரப்படாதீங்க அம்மணி. கரீம் பாய் போனது எங்களுக்குத் தீட்டே இல்லைன்னு குழுவுல முடிவு பண்ணிப்போட்டோமுங்க. நீங்க வேற, நாங்க வேறதானுங்களே? நிதானமா எடுங்க."

தீட்டில்லை என்று சொல்ல வந்தவர், கையில் காப்புக் கட்டியிருப்பதால் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"பெரியத்தாவுக்கு நிறுத்துனீங்களேங்க?" என்றாள் ரிஃபத்.

"அப்பெல்லாம் வெவரம் பத்தலை கண்ணு."

ரிஃபத், கேட்டருகே நின்ற ஜமாத் செயலாளர் ஷாநவாஸைப் பார்த்தாள். அன்னூரிலிருந்து வந்து இரண்டு வருடமாக ஊருக்கு மார்க்கம் கற்பிப்பவர். குழாய்த் தண்ணீர் விஷயத்தில்கூட அருள்குமாரோடு ஒத்துப்போகாதவர், இன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலைவர் சொல்றது நூத்துக்கு நூறு. அவங்க கோயில் கட்டுக்குள்ள நம்ம மய்யித்தை எதுக்கும்மா சேத்தோணும்?"

"அஞ்சு நிமிசம் நிறுத்துனா போதுங்க. அம்மா அதை மட்டுந்தான் கேக்குது."

"நிறுத்துனா தீட்டுன்னு ஒத்துக்கிட்டாப்புல ஆயிருமுங்களே!" என்றார் அருள்குமார்.

"ஆயிரும்," என்றார் ஷாநவாஸ்.

கரீமை ஊர்க்காரர் இல்லை என்று ஆக்குவதில் ஊரே ஒற்றுமையாகிவிட்டது. ஊரில் பாதி மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக் கொடுத்தவர் அவர். காலையில் கம்பத்துக்கு ஊற்றிய தண்ணீரும் அவர் கட்டிய மோட்டார் ஏற்றியதுதான். அதற்கும் தீட்டில்லை என்று குழுவில் முடிவாகியிருக்கும்.

மதிய லுஹர் தொழுகைக்கு முன்பே அத்தாவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிவிட்டார்கள். ஆண்கள் போனார்கள். பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். தப்பட்டைச் சத்தம் மட்டும் கூடவே போனது.

சந்தூக்கு கோயில் முக்கில் திரும்பியபோது, சட்டென்று சத்தம் நின்றது.

அம்மா நிமிர்ந்தாள். "நிறுத்திட்டாங்க!"

ரிஃபத் ஜன்னலுக்கு ஓடினாள்.

"அருளு அவங்கப்பனாட்டமேதான். வாயில ஒண்ணு சொல்லுவான், மனசு கேக்காது. பாரு புள்ள, யாராச்சும் கும்புடறாங்களா?"

கம்பத்தடியில் டீ வந்திருந்தது. தப்பட்டைக்காரர்கள் பேப்பர் கப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, வைக்கோல் தீயில் தளர்ந்த தப்பட்டைத் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அத்தா போன திசையில் யாரும் திரும்பவில்லை. ஒருவர் விரலால் தோலைச் சுண்டிப் பார்த்தார்.

"கும்புடறாங்கம்மா."

அம்மா முந்தானையை வாயில் வைத்து, அன்றைக்கு முதல்முறையாக அழத் தொடங்கினாள்.

தப்பட்டை மறுபடி தொடங்குமுன் ரிஃபத் ஜன்னலைச் சாத்தினாள். கொண்டி விழவில்லை. ஜன்னல் கதவின்மேல் முதுகைக் கொடுத்து, காலைத் தரையில் ஊன்றி நின்றாள்.