நிப்பாட்டக் கூடாத எஞ்சின்

முன்ஸிரின் பிக்கப்பில் பற்றறி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு செங்கல் இருந்தது. வெறும் இரும்புச் சட்டம் ஆடிச் சத்தம் போடுகிறதென்று அவரே வைத்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் எப்போது செத்ததென்று அவருக்குத் தெரியாது. புத்தளத்து அகதி முகாமிலிருந்து முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து அந்த வாகனத்தை வாங்கும்போதே அது இல்லை. டீசல் வராத யுத்தகாலப் பொருளாதாரத் தடை முழுக்க மண்ணெண்ணெய் குடித்து வளர்ந்த எஞ்சின். டீசல் பம்ப் தேய்ந்து, ரேடியேற்றர் ஒழுகி, புகை கறுப்பாய் வரும். டீசல் குழாயின் வெடிப்பில் சைக்கிள் ரியூப் சுற்றியிருந்தது. எஞ்சின் நின்றால் போதும், அந்த வெடிப்பால் காற்றுப் புகுந்துவிடும். பிறகு தள்ளினாலும் லேசில் ஸ்டார்ட் வராது.

இப்படிப்பட்ட வாகனங்களுக்கு வன்னியில் ஒரு வழக்கம் இருந்தது. குளக்கட்டு, மதகு, மேடு என்று இறக்கம் உள்ள இடத்தில்தான் நிப்பாட்டுவார்கள். இறக்கம் இல்லாவிட்டால் நிப்பாட்டுவதே இல்லை. கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் எஞ்சின் வாசல் படலையடியில் ஓடிக்கொண்டு நிற்கும். ஏன் ஓடுகிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

கேட்பதற்கென்று பிறந்தவர் ஏரம்பு.

போர்நிறுத்தம் வந்து, ஏ-ஒன்பது பாதை திறந்து ஒரு வருசம் கழிந்திருந்தது. ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் இடையில், பஸ் வராத ஒரு ஊருக்கு, ஏதோ ஒரு நிறுவனத்தின் காசில் பஸ் தரிப்பிடம் கட்டுவித்திருந்தார் கிராமச் சங்கத் தலைவர் ஏரம்பு. பஸ் எங்கே என்று கேட்ட சனத்துக்கு, "முதலில தரிப்பிடம், பிறகு பஸ்" என்று விளக்கம் கொடுத்தார். திறப்பு விழாவுக்கு வாழை கட்டி, மைக் பூட்டி, கதிரைகள் போட்டாயிற்று. தரிப்பிடத்தின் வாசல் ஒடுக்கம். படத்தில் எல்லாரும் விழமாட்டார்கள். ஆகவே வெட்டவேண்டிய நாடாவை றோட்டுக்குக் குறுக்கே கட்டியிருந்தார்.

அந்த நாடாவுக்கு முன்னால்தான் முன்ஸிரின் பிக்கப் வந்து நின்றது. பின்னால் பெட்டி பெட்டியாக ஐஸ் போட்ட நாயாற்று இறால். முன்சீற்றில் இறாலின் சொந்தக்காரி இரஞ்சிதம். மாங்குளத்தில் வவுனியா லொறி காத்துக்கொண்டிருந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடி மூடுவதற்கு முன் அது போயாகவேண்டும். இன்னொரு நாள் பிந்தினால் நாயாற்றுச் சரக்கே வேண்டாம் என்று லொறிக்கார ஆண்டியப்பன் சொல்லிவிட்டிருந்தான்.

"தம்பி, பிரதம விருந்தினர் வரட்டும். கொஞ்சம் பொறும்" என்றார் ஏரம்பு.

"எப்ப வருவார்?"

"பெரிய ஆக்களுக்கு நேரம் சொல்லேலாது."

"றாலுக்கும் சொல்லேலாது ஐயா" என்றாள் இரஞ்சிதம். "ஐஸ் கரையுது. நாடாவை ஒருக்கா உயத்திப் பிடியுங்கோ, கீழால போறம்."

"மங்கல நாடா, பிள்ளை! அதுக்குக் கீழால மீன் வண்டி போறதோ?"

பிறகு அவருக்கு எஞ்சின் சத்தம் கேட்டது. "நிப்பாட்டும் தம்பி. மைக் கேக்கேல்லை."

"நிப்பாட்டினா ஸ்டார்ட் வராது ஐயா. பற்றறி இல்லை. இது வெட்டை வெளி, இறக்கமும் இல்லை."

ஏரம்பு மைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு எஞ்சின் படிப்பிக்கிறார்! சங்கத்தின்ர உழவு மெஷினை எத்தினை வருசம் வைச்சு நடத்தினனான்!"

நடத்தியது உண்மை. மாலை போட்டு அதில் ஏறி இருந்து படம் எடுத்ததும் உண்மை. ஓட்டியது மட்டும் வேறு ஆள்.

ரேடியேற்றர் கொதிக்கத் தொடங்கியது. முன்ஸிர் இறங்கிப் பொனற்றைத் திறந்து, பிளாஸ்டிக் கானில் இருந்த தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினார். ஏரம்பு அந்தப் பக்கமாக வந்தார். இரஞ்சிதம் கையைத் தட்டிவிடுவதற்குள், ஜன்னலால் கையை விட்டு, எஞ்சினை நிறுத்தும் குமிழைப் பிடித்து இழுத்தார்.

எஞ்சின் ஒருதரம் குலுங்கிச் செத்தது.

"பாருங்கோ, இப்ப எவ்வளவு வடிவாக் கேக்குது!" என்றார் மைக்கில்.

முன்ஸிர் கானை றோட்டில் அடித்தார். "உங்கட வீட்டுக் குசினிக்குள்ள வந்து நான் அடுப்பை நூத்தனானோ? சொல்லும்! நூத்தனானோ?"

"மரியாதையாக் கதையும்."

"மரியாதையோ? அதையும் சேத்தெல்லோ இழுத்துப்போட்டீர்!"

கையால் அமுக்கும் பம்பை முன்ஸிர் அமுக்கினார். டீசல் நுரைநுரையாக வந்தது. காற்று. அமுக்கி அமுக்கி நுரை நின்றபின், "தள்ளுங்கோ!" என்று கத்தினார். கதிரைகளில் இருந்த வேட்டிகள் அசையவில்லை. எல்லாம் அன்றைக்கென்று வெளுத்து மடித்தவை. இரஞ்சிதமும் பின்வரிசையில் இருந்த இரண்டு பெண்களும் தோள் கொடுத்தார்கள். சுமையோடு நின்ற பிக்கப் நாலு முழம் நகர்ந்து, இருமி, நின்றுவிட்டது. பெட்டிகளின் அடியால் ஐஸ் தண்ணீர் ஒழுகிப் புழுதியில் விழுந்துகொண்டிருந்தது.

அப்போது நாடாவுக்கு அந்தப் பக்கம், மாங்குளத் திசையிலிருந்து விருந்தினர் வந்தார். அவருடையதும் பிக்கப்தான், முன்ஸிருடையதைவிடக் கிழடு, மேலே மட்டும் புது வெள்ளை. மேளம் முழங்கியது. ஏரம்பு மாலையோடு ஓடினார். மைக்கில் யாரோ வரவேற்றார்கள். ஒரு சொல்லும் கேட்கவில்லை. விருந்தினரின் எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

சாரதி தலையை நீட்டினான். "குறை நினையாதேங்கோ ஐயா, நிப்பாட்டேலாது. ஸ்டார்ட்டர் வேலை செய்யாது."

"ஓடட்டும், ஓடட்டும்! அதுக்கென்ன!" என்றார் ஏரம்பு.

இரஞ்சிதம் தள்ளுவதை விட்டுவிட்டு வந்தாள். அவளுடைய சட்டை முழுக்க றால் தண்ணீர்.

"என்ன சொன்னனீர்? ஓடட்டுமோ?"

"பிள்ளை, விருந்தினருக்கு முன்னால..."

"உந்த எஞ்சின் வாசிக்கிறது நாதஸ்வரம், எங்கட எஞ்சின் போடுறது சத்தமோ? சொல்லும் தலைவரே! ஏன் இப்ப கையை விட்டு இழுக்கேல்லை? இழும் பாப்பம்!"

ஏரம்பு மைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். விருந்தினர் கழுத்தில் பாதி விழுந்த மாலையோடு நின்றார். இரஞ்சிதம் தட்டத்திலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். நாடாவை வெட்டினாள். படம் எடுக்க வந்தவர் பழக்கதோசத்தில் படம் எடுத்துவிட்டார்.

விருந்தினரின் சாரதி யாரையும் கேட்கவில்லை. "நீங்கள் பேசுங்கோ ஐயா, நான் இந்தா வாறன்" என்று வாகனத்தைத் திருப்பிப் பின்னுக்கு எடுத்தான். பெட்டி கட்டிய நைலோன் கயிற்றை இரட்டையாக்கிப் பூட்டினார்கள். முன்னது இழுத்தது. முன்ஸிர் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார். பிக்கப் விக்கியது, குதித்தது, பிறகு ஒரே மூச்சில் உறுமிக்கொண்டு, வாழை, பந்தல், வெளுத்த வேட்டிகள் எல்லாவற்றுக்கும் மேலால் கரும்புகையைக் கக்கியது. கயிற்றை அவிழ்த்தார்கள். போனார்கள்.

மாங்குளத்தில் ஆண்டியப்பன் லொறிக்கு மேலால் படங்கு இழுத்து மூடிக் கட்டிக்கொண்டிருந்தான். மேல்பெட்டியைத் திறந்து பார்த்தான். ஐஸ் இல்லை, தண்ணீர்தான். மூக்கைச் சுளித்தான்.

"சொன்னனான்தானே அக்கா? மணக்குது. வேண்டாம், கொண்டு போங்கோ."

இரஞ்சிதம் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு றாலை எடுத்தாள். தலையைத் திருகி எறிந்தாள். ஓட்டை உரித்தாள். பச்சையாகவே வாயில் போட்டு, அவனுடைய கண்ணைப் பார்த்தபடி மென்று விழுங்கினாள்.

"மணக்குதோ?"

"அக்கா..."

அடுத்த பெட்டியில் ஒன்று. அதையும் விழுங்கினாள். மூன்றாவதை எடுத்தாள்.

"போதும் அக்கா! விசரோ உங்களுக்கு? ஏத்துங்கோ, எல்லாத்தையும் ஏத்துங்கோ!"

"நாளைக்கு?" என்று கேட்டுக்கொண்டு அதையும் உரித்தாள்.

"நாளைக்கும் கொண்டு வாங்கோ. அதை முதல்ல கீழ போடுங்கோ."

லொறி தெற்கே திரும்பி மறையும்வரை அவள் நிமிர்ந்து நின்றாள். பிறகு றோட்டோரம் குந்தி, விழுங்கியது எல்லாவற்றையும் வாந்தியெடுத்தாள். முன்ஸிர் கானில் மிஞ்சிய தண்ணீரோடு ஓடிவந்தார்.

"சீ!" என்றாள், வாயைக் கழுவித் துப்பிவிட்டு. "இதை அந்தாளின்ர பந்தலுக்குள்ள எடுத்திருக்க வேணும், முன்ஸிர் நானா."