மூடி மெஷினும் நீல நோட்டும்

எங்கள் தொழிற்சாலை முன்பெல்லாம் மாலை ஆறு மணிக்கு, மனிதர்களைப் போலவே, வேலையை முடித்துக்கொள்ளும். பிறகு பாட்டில் மூடி வார்க்கும் மெஷின் ஒன்றைப் பெரிய கடனில் வாங்கினார்கள். வட்டி ஞாயிற்றுக்கிழமையும் ஏறும், ராத்திரி இரண்டு மணிக்கும் ஏறும் என்பதால், மெஷினும் அப்போதெல்லாம் ஓட வேண்டும் என்று முடிவாயிற்று. மெஷின் ஓடினால் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டுமே. அந்த ஆட்களில் இருவர் நானும் என் மனைவியும்.

அவளுக்குக் காலை ஆறு முதல் இரண்டு. எனக்கு இரண்டு முதல் பத்து. கணவன் மனைவியை ஒரே ஷிப்டில் போடக் கூடாது என்பது மானேஜரின் விதி; உறவில் ஒரு சாவு என்றால் இருவரும் சேர்ந்து லீவு கேட்பார்களாம். நெட்டையான உடம்பும், நிமிடக் கணக்கிலேயே பேசும் வாயும் கொண்ட அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு.

கல்யாணமாகி இரண்டு வருடம். நான் வீடு சேரும்போது அவள் தூக்கத்தில், அவள் கிளம்பும்போது நான் தூக்கத்தில். இருவரும் கண் விழித்திருந்து பார்த்துக்கொள்வது ஷிப்ட் மாறும் பத்து நிமிடம்தான். அதிலும் பேச்செல்லாம் மெஷினின் சூட்டைப் பற்றியே. ஆகவே, அடுத்த ஷிப்ட் ஆளுக்கு விவரம் எழுதிவைக்க மெஷினுக்கு இருப்பது போல, வீட்டுக்கும் ஒரு நீல நோட்டு போட்டோம்.

"காலை 4.20, பால் காய்ச்சியது. கேஸ் தீரும் நிலை. உங்கம்மா போன் செய்து, விசேஷம் உண்டா என்றார். மானேஜரைக் கேட்கச் சொன்னேன்."

அதன் கீழே நான்: "அம்மாவிடம் அப்படிப் பேசியது சரியல்ல."

மறுநாள் அவள்: "அப்போ நீங்களே பதில் சொல்லுங்க."

சண்டை பதினோரு பக்கம் ஓடியது.

ஒரே ஷிப்ட் கேட்டு மனு கொடுத்தேன். அந்த வாரமே, கோடு போட வீட்டுக்கு எடுத்துப் போன மெஷின் நோட்டை அங்கேயே விட்டுவிட்டு, தெரியாமல் வீட்டு நோட்டைக் கொண்டுவந்து மெஷினில் மாட்டிவிட்டேன். ஒரே கடை, ஒரே அட்டை. சனிக்கிழமை, வாரச் சோதனைக்கு, அது மணிக்கூண்டின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

இருவரையும் கூப்பிட்டார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கப்பா. பால் காய்ச்சுனது, மோட்டார் போட்டது, எல்லாம் நேரத்தோட இருக்கு. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே வீடு ஓடுது. அப்புறம் எதுக்கு ஒரே ஷிப்ட்?"

"குடும்பம் நடத்தணும் சார்."

"ராத்திரி ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

"தூங்குறோம் சார்."

"சேர்ந்துதானே தூங்குறீங்க?"

என் மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மனு தள்ளுபடி. அதோடு விட்டாரா? வேலையை எழுத்திலேயே ஒப்படைக்கலாம் என்பதற்கு எங்கள் நோட்டையே சாட்சியாக வைத்து, அந்தப் பத்து நிமிடத்தையும் எல்லோருக்குமே ரத்து செய்தார். நாளுக்கு மூன்று ஷிப்ட்; ஆக மெஷின் ஒன்றுக்கு அரை மணிச் சம்பளம் கம்பெனிக்கு மிச்சம்.

அவள் கதவருகே நின்று கேட்டாள்: "மாசம் ஒரு ஞாயிறு மெஷினை நிறுத்தி வைக்கிறீங்களே, எதுக்கு சார்?"

"ஓயாம ஓட்டினா அதோட ஆயுசு குறைஞ்சிடும்மா," என்றார் மணிக்கூண்டு, மிகுந்த கரிசனத்தோடு.

"அன்னைக்கு எங்களுக்கும் லீவு குடுங்களேன்."

"அன்னைக்குத்தானே அதைத் துடைக்க ரெண்டு ஆள் வேணும்?"

"அப்போ எங்க ரெண்டு பேரையே போடுங்க."

அவர் விதிகளையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். நின்றுபோன மெஷினுக்குப் பொருந்தும் விதி ஒன்றும் அகப்படவில்லை. தலையாட்டினார்.

"உங்க வீட்டுச் சண்டைக்கு எங்க பத்து நிமிஷச் சம்பளத்தை நாங்க தண்டம் கட்டணுமா?" என்று, மெஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டர் அண்ணன் இரண்டு வாரம் என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

போன ஞாயிறு ஆளுக்கொரு கந்தல் துணியோடு மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்தோம். அவள் நோட்டுச் சண்டையை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். நானும் விடவில்லை. என் அம்மா, அவள் அண்ணன், கேஸ், எல்லாம் வந்தன. சூப்பர்வைசர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சத்தம்? பேரிங் போயிடுச்சா?"

"மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு," என்றாள் என் மனைவி. "நீங்க போங்க. எங்களுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு."