உபகாரமேரி அடித்துப்போட்ட முடிவுகள்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வெள்ளிமலை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடமிருந்து கிடைத்தது. மலைப்பாதை தொடங்கியதிலிருந்து அவர் மடிமேல் விரல்களை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தார். ஏதோ நரம்புக் கோளாறு என்று நினைத்தேன். கேட்டதற்கு, சைகைமொழி பழகிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பெயர் பொன்னுரங்கம். வயது அறுபத்தொன்று.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஓய்வு பெற்ற மறுநாள் காலை, பொன்னுரங்கத்தின் முன்னால் ஒரு பெரிய வெறுமை"

வேண்டாம். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. வடக்கனந்தல் வீட்டில் எட்டு மாதம் டிவி பார்த்தார். மனைவியிடம் திட்டு வாங்கினார்.

2

அவர் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். (எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன். உங்கள் ஊரில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.) ஒருநாள் மருந்துக்கடையில், காது கேளாத ஒருவரிடம் மூன்று பேர் தொண்டை கிழியக் கத்தி, கடைசியில் ஏதோ ஒரு மாத்திரையைக் கொடுத்து அனுப்பியதைப் பார்த்தார். அது மனசை என்னவோ செய்தது. கள்ளக்குறிச்சியில் லிடியா என்பவர் சனிக்கிழமைகளில் சைகைமொழி வகுப்பு நடத்துகிறார். அவருக்கும் காது கேட்காது. பொன்னுரங்கம் போய்ச் சேர்ந்துகொண்டார்.

ஆறு மாதத்தில் கை ஓரளவு பேச வந்தது. காது கேளாத ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு எங்கே வலிக்கிறது என்று டாக்டருக்கு எடுத்துச் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடுதலாகத் தின்றாராம்.

"வேலைக்குச் சேந்த அன்னிக்குக்கூட இப்டி சந்தோசம் இல்லீங்க" என்றார்.

பஸ்ஸில் இதுவரைதான் சொன்னார். நல்ல கதை என்று குறித்துக்கொண்டேன். மீதியை மூன்று மாதம் கழித்து, அவர் வீட்டில் கேட்டேன்.

3

அன்று அவர் போய்க்கொண்டிருந்தது வெள்ளிமலையில் நடந்த மாற்றுத்திறனாளிகள் முகாமுக்கு, சைகையை மொழிபெயர்த்து உதவ. உபகாரமேரியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பொன்னுரங்கத்தின் அலுவலகத்தைப் பதினான்கு வருடம் கூட்டிப் பெருக்கியவர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. வேலையை விட்டபின் வெள்ளிமலையில் தங்கை வீட்டோடு இருந்தார். (முதல் பிரதியில் பொன்னுரங்கத்தை 'அவர்' என்றும் இவரை 'அவள்' என்றும் எழுதியிருந்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாகவே எழுதியது.)

வரிசையில் அவரைப் பார்த்ததும் பொன்னுரங்கத்துக்கு மகிழ்ச்சி. இத்தனை வருடம் ஒரு வார்த்தை பேசாத ஆளிடம் இப்போது பேசலாம். விண்ணப்பத்தை நிரப்பப் பெயர் கேட்டார். படிப்பு கேட்டார்.

உபகாரமேரி அவருடைய கையைப் பிடித்து, தப்பாக மடங்கியிருந்த ஒரு விரலை நிமிர்த்தினார். பிறகு சைகையில் பதில் சொன்னார்: பத்தாம் வகுப்பு, கடலூர்ப் பக்கம் காதுகேளாதோர் விடுதிப் பள்ளி.

தனக்குத்தான் சைகை பிடிபடவில்லை என்று எண்ணி அவர் மறுபடி கேட்டார். உபகாரமேரி பேனாவை வாங்கி, விண்ணப்பத்தைத் தானே நிரப்பினார். அச்சுக் கோத்ததுபோல் எழுத்து.

பொன்னுரங்கம் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏனென்றால் அலுவலகத்தில் எல்லாரும் அந்த அம்மாவைக் கைநாட்டு என்றுதான் வைத்திருந்தார்கள்.

உபகாரமேரி மெதுவாக, அவருக்குப் புரியும் வேகத்தில், கைகளால் சொன்னார். நான் உதடு படிப்பேன். துப்புரவு வேலையை நிரந்தரமாக்க ஒருநாள் அதிகாரி உங்களிடம் ஒரு பெயர் கேட்டார். நான் துடைப்பத்தோடு எதிரில்தான் நின்றேன். 'இதுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க சார், வேற ஆள் போட்டுக்கலாம்' என்று நீங்கள் சொன்னீர்கள். சான்றிதழை நீட்டினேன். நீங்கள் பார்க்காமலே போ என்று கையை ஆட்டினீர்கள்.

பொன்னுரங்கம் விண்ணப்பத்தை வாங்கி அடுக்கில் வைத்தார். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது.

என்னிடம் இதைச் சொன்னபோது அவர் அழவில்லை. "ஞாபகமே இல்லீங்க" என்றார். "வேணும்னு செஞ்சிருந்தாக்கூட ஞாபகம் இருந்திருக்கும். எவ்ளோ யோசிச்சும் அந்த நாளு வரவே மாட்டேங்குது. அதாங்க பயமா இருக்கு."

4

ஐந்து வாரம் வகுப்புக்குப் போகவில்லை. தான் சொன்னது தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அந்தக் கோப்பே இப்போது இல்லை என்றார்கள். அந்த வேலையில் சேர்ந்தவரும் ஓய்வுபெற்றுவிட்டார்.

லிடியா ஆள் அனுப்பியதும் போனார். அடுத்த முகாமுக்கு மலையேறினார். மேசைக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாற்காலி கிடந்தது. உபகாரமேரி வந்து அதில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களின் விண்ணப்பங்களை எழுத ஆரம்பித்தார். யாரும் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு முகாமிலும் அப்படித்தான். அவர் எழுதுகிறார், இவர் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்கிறார்.

5

உபகாரமேரி ஏன் வந்தார்? இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ) மன்னித்துவிட்டார்.

ஆ) மன்னிக்கவில்லை. இந்த மனிதர் தப்புத்தப்பாக மொழிபெயர்த்து இன்னொருத்தரின் வாழ்க்கையையும் கெடுத்துவிடக் கூடாதே என்று காவலுக்கு உட்கார்ந்தார்.

எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. சரிபார்ப்பதற்காகக் கதையைப் பொன்னுரங்கத்துக்கு அனுப்பினேன்.

அவருக்கு மட்டும்.

போன வாரம் தாள்கள் திரும்பி வந்தன. கூடவே போனில் பொன்னுரங்கம்: "அந்தம்மாகிட்ட குடுத்தேன், படிச்சாங்க. படிச்சிட்டு என்னைய ஒண்ணு கேட்டாங்க. 'இதை எழுதனவருக்கு நான் படிப்பேன்னு தெரியுமா'ன்னு. நான் இன்னா சொல்றது?"

மூன்று பக்கம் அதைப் பற்றியே எழுதியவன் நான்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு முடிவுகள்மீதும், அளவுகோல் வைத்ததுபோல நேராக ஒரு கோடு. கீழே அந்த அச்சு எழுத்தில் ஒரே வரி:

"என்னைக் கேட்டிருக்கலாம்."

அதற்கும் கீழே பாதிப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. அதில் எழுத எனக்கு உரிமை இல்லை; வாசகரே, உங்களுக்கும் இல்லை.