ஒப்பந்தத்தில் இல்லாத வேலைகள்

உத்திரமேரூர் கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் வக்கீல் சாந்தினியின் ஆபீஸ். பெண்டாட்டி கனகாவை அங்கே கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்ததில் முத்துவேலுக்குப் பாதி பாரம் இறங்கியிருந்தது. கீழே நாலு போண்டா தின்றுவிட்டுத்தான் படியேறினான்.

கனகாவின் வேலை ஒப்பந்தத் தாளைப் படித்த சாந்தினி நிமிர்ந்தார். "'வீட்டு மனுஷி மாதிரி பார்த்துக்கொள்கிறேன்.' இந்த வரியை எழுதச் சொன்னது யாரு அக்கா?"

"நான்தான் மேடம். ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வேல குடுத்த வூட்டுப் புள்ள எழுதிக்கினாரு," என்றாள் கனகா.

ஒரு பேச்சுக்குச் சொல்வதில் நம் ஜனங்களை மிஞ்ச ஆளில்லை. உங்க வூட்டுப் பொண்ணா நெனச்சிக்குங்க என்போம், சொத்தே உங்களுதுதான் என்போம். யாரும் அதைப் பத்திரத்தில் ஏற்றுவதில்லை, அதனால் பிழைத்துக்கொண்டிருக்கிறோம்.

கனகா உண்மையில் ஒப்புக்கொண்டது இவ்வளவுதான்: புள்ளலூரில் நடக்க முடியாமல் இருக்கும் பெரியவர் விஜயராகவனைக் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை கவனிப்பது. குளியல், மாத்திரை, சாப்பாடு. மகன் ஹரிஹரசுதன் வெளிநாட்டில். அவன்தான் போனில் வேலைகளை ஒவ்வொன்றாகக் கூட்டினான். போன வாரம் அவள் யாருடைய புடவையிலோ தங்கள் ஊர் திருப்புலிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முத்துவேல் வக்கீலைத் தேட ஆரம்பித்தான். சம்பளம் கிடக்கட்டும், பெண்டாட்டி முழுசாக வீடு வந்து சேர்ந்தால் போதும் அவனுக்கு.

"பயப்படாதீங்க," என்றார் சாந்தினி. "இந்த வரியைக் காட்டி எல்லாமே இதுல அடக்கம்னு வாதாடுவாங்க. ஆனா ஒப்புக்காத வேலையை முடியாதுன்னு சொல்லலாம். ஏற்கெனவே செஞ்சதுக்குத் தனியா கூலி கேட்கலாம். நோட்டீஸ் கொடுத்து விலகலாம். முதல்ல எனக்கு லிஸ்ட் வேணும். அவங்க கேட்டது மட்டும்."

கனகா விரல் விட்டாள். முதலில், மத்தியானம் இரண்டு இலை. செத்துப்போன மனைவி ஞானசுந்தரிக்கு ஒன்று போடாவிட்டால் பெரியவர் சாப்பிட மாட்டார். அப்புறம் அந்த இலை முன்னால் கனகா உட்கார வேண்டும். அப்புறம் ஞானசுந்தரியின் புடவையில் உட்கார வேண்டும். அவர் "ஞானம்" என்று கூப்பிட்டால் "இன்னாங்க" என்று கேட்க வேண்டும்.

"இத்தெல்லாம் எங்கிட்ட சொல்லவே இல்லியே," என்றான் முத்துவேல். அவள் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை.

"அஞ்சாவது?" என்றார் சாந்தினி, எழுதிக்கொண்டே.

"மாமரத்த வெட்டுனதுக்கு அவர வெள்ளிக்கெழமையானா திட்டணும்."

"எந்த மாமரம்?"

"கெணத்தாண்ட இருந்தது. புள்ள பொறந்த வருசம் வச்சது. என்ன ஒரு வார்த்த கேக்காம வெட்டிட்டாரு மேடம். மனசு ஆறுமா?" கனகாவின் கண் நிறைந்துவிட்டது.

"இதையும் ஹரிஹரசுதன்தான் போன்ல சொன்னாரா?"

"அவனுக்கு இன்னா தெரியும்? அப்போ மெட்ராஸ்ல படிச்சிக்கினு இருந்தான்."

பேனா நின்றது. சாந்தினி முத்துவேலைப் பார்த்தார். அவன் பார்க்க வேறு ஆளில்லை.

"அக்கா," என்றார் சாந்தினி மெதுவாக. "யாரும் கேட்காத வேலையை நோட்டீஸ்ல எழுத முடியாது. மத்ததுக்கு இன்னைக்கே அனுப்பிடறேன். நீங்க இனிமே அங்க போகவேணாம். சரியா?"

"சரி மேடம்," என்று அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள் கனகா. அப்பாடா என்றிருந்தது முத்துவேலுக்கு.

கனகா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதறி எழுந்தாள். "பன்னண்டு ஆவப் போவுதே! எங்க வூட்டுக்காரரு பசி தாங்க மாட்டாரு."

"நான் இப்பதானே துன்னேன்? இங்கதானே குந்திக்கினு கீறேன்?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை, விளையாட்டுமில்லை. கீழே புள்ளலூர் பஸ் ஹாரன் அடித்தது.

"கொஞ்சம் வழி வுடுங்கண்ணா," என்றாள்.

முத்துவேல் காலை மடக்கி வழிவிட்டான்.